ஓர் எழுத்து விட்டுப்போன நிலம்

பொத்தென்ஸா
12 செப்டம்பர் 1958

பொறியாளர் கானியோ லாகாவா அவர்களுக்கு,

"அண்ணா" என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது உறவு கொண்டாட எழுதும் கடிதம் இல்லை. அதனால் இப்படியே இருக்கட்டும். நாம் பேசி மூன்று வருடம் ஆகிறது. இதைப் படித்த பிறகும் பேச வேண்டும் என்றில்லை. ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

நேற்றைய செய்தித்தாளில் உங்கள் படத்தைப் பார்த்தேன். மோந்தெசூர்தோ ஊருக்குக் கீழே காஸாத்தா என்னும் சரிவில் நாற்பத்திரண்டு வீடுகள் எழும்புகின்றனவாம். மலை உச்சியில் கோவேறு கழுதையோடு ஒரே அறையில் கிடக்கும் குடும்பங்களுக்காம். படத்தில் ஆயர் கையில் தீர்த்தம், உங்கள் கையில் கொத்துக்கரண்டி. மெலிந்திருக்கிறீர்கள்.

கோடை விடுமுறை முழுக்க நான் ஆயர் இல்லத்து ஏட்டறையில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் நான் செய்யும் வேலை இதுதான், பழைய பங்குக் கோயில் ஏடுகளைப் படிப்பது. மோந்தெசூர்தோவின் இறப்பு ஏட்டில் மாதத்துக்கு மூன்று பெயர் இருக்கும், மிஞ்சினால் நான்கு. 1741 ஜனவரி 19 அன்று மட்டும் அறுபத்தொரு பெயர். மேலே பங்குச் சாமியார் ஒரே வரி எழுதியிருக்கிறார்: "ஊற்றுக்குக் கீழே முந்நூறு தப்படியில், மலை விழுந்து."

நீங்கள் கட்டும் வீடுகள் அந்த ஊற்றிலிருந்து எவ்வளவு தூரம்?

இவ்வளவுதான்.

எர்சிலியா லாகாவா


மோந்தெசூர்தோ
17 செப்டம்பர் 1958

எர்சிலியா,

"அவர்களுக்கு"! அம்மா இருந்திருந்தால் அந்தக் கடிதத்தைச் சுருட்டி உன் தலையில் ஒன்று போட்டிருப்பாள். என் தலையிலும்தான்.

உன் கேள்விக்குப் பதில்: முதல் வரிசை வீடு ஊற்றிலிருந்து முந்நூற்றைம்பது மீட்டர். கடைசி வரிசை ஐந்நூற்றுக்கு மேல்.

இப்போது என் கேள்விகள். அறுபத்தொரு பேர் செத்தது மலை விழுந்துதான் என்று எப்படித் தெரியும்? கொள்ளைநோய் வந்தால் ஒரே நாளில் நூறு பேரைப் புதைத்த காலம் அது. முந்நூறு தப்படி என்றால் யாருடைய கால்? சாமியார் குட்டையா, நெட்டையா? ஊற்றுக்குக் கீழே ஒரு சரிவு இல்லை, இரண்டு இருக்கிறது. நடுவில் ஓடை. எந்தச் சரிவு? விழுந்த மண் எத்தனை ஆழம்? மழையாலா, நிலம் நடுங்கியதாலா? இதெல்லாம் இல்லாமல் நீ வைத்திருப்பதற்குப் பெயர் சான்று இல்லை. கதை.

நான் நான்கு இடத்தில் துளை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர். நான்கிலும் நல்ல கெட்டிக் களிமண். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அக்டோபர் முடிவதற்குள் கூரை ஏற வேண்டும். வீடு கிடைக்கப் போகிறவர்கள் தினமும் வந்து தங்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் போய் இருநூறு வருஷத்துக்கு முந்திய சாமியார் என்னவோ எழுதியிருக்கிறாராம் என்று சொல்லச் சொல்கிறாயா?

நேப்பிள்ஸ் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருஷம் என் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, இயக்கவியல் கணக்கை என்னைவிட வேகமாகப் போட்டவள் நீ. அந்தத் தலையை வைத்துக்கொண்டு, படிப்பைப் பாதியில் விட்டுப் போய்... வேண்டாம். தொடங்கினால் நிற்காது.

கானியோ


பொத்தென்ஸா
25 செப்டம்பர் 1958

கானியோ,

"நீங்கள்" கழன்றுவிட்டது. கோபம் வந்தால் எனக்கு மரியாதை வராது, உனக்குத் தெரியும்.

கொள்ளைநோய் இல்லை. அதில் சாகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாவார்கள்; ஒரு வீட்டில் ஒருவராவது தப்புவார். இங்கே சாமியார் அடுப்பு அடுப்பாக எழுதியிருக்கிறார். முதல் வீடு: அப்பன், ஆத்தா, நான்கு பிள்ளைகள். அடுத்த வீடு: ஒரு கிழவர், மகள், ஞானஸ்நானம் ஆகாத பச்சைக்குழந்தை. இப்படிப் பதினொரு அடுப்பு, தெரு எப்படிப் போயிற்றோ அதே வரிசையில். உயிரோடு இருந்தவர்களின் தெருவில் மனதால் நடந்து போய் எழுதியிருக்கிறார் மனுஷன்.

மழைதான். ஊர்ச்சபைக் குறிப்பையும் தேடிப் படித்துவிட்டேன். மழை நிற்கட்டும் என்று டிசம்பரிலிருந்து மூன்று முறை மாதா சுரூபத்தைப் பவனி எடுத்திருக்கிறார்கள். நிலம் நடுங்கியதாக ஒரு சொல் இல்லை.

இன்னொன்று. 1741-க்கு முன்னால் எந்த ஏட்டிலும் காஸாத்தா என்ற பெயரே கிடையாது. பிறகு வருகிறது, ஆனால் காஸாத்தா என்று இல்லை, "ஸ்காஸாத்தா" என்று. நம் பக்கத்துப் பேச்சில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? வீடு கலைந்துபோன இடம். வரைபடம் போட வந்த ராணுவத்தார் வடக்கத்திக்காரர்கள். முதல் எழுத்து அவர்கள் காதில் விழவில்லை. நல்ல குடி வாழ்ந்த வீடு என்று அர்த்தம் வருகிற மாதிரி அழகாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். நீ அந்த வரைபடத்தை விரித்து வைத்துத்தான் இடம் பார்த்தாய்.

உன் கேள்வி ஒன்றுக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, அதை மறைக்கவும் மாட்டேன். அந்தக் காலத்தில் தப்படிக்கு இரண்டு அளவு இருந்தது. பெரிய அளவு என்றால் தெரு இருந்தது உன் சரிவில். சின்ன அளவு என்றால் ஊற்றுக்கு இன்னும் கிட்டே, ஓடைக்கு அந்தப்புறம். ஏடு இதற்கு மேல் வாய் திறக்காது. மண்தான் சொல்ல வேண்டும். பதினொரு வீட்டை மூடிய மண் ஆறு மீட்டரில் முடிந்திருக்குமா? கணக்கை நீ போடு.

அப்பாவை அடக்கம் செய்த அன்று, சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும் நீ சொன்னாய்: "இவ படிச்ச படிப்பு செத்தவங்களுக்குத்தான் ஆகும்." சரி. இவர்கள் அறுபத்தொரு பேரும் செத்தவர்கள்தான். அவர்களுக்காவது காது கொடு.

உனக்கு மனுஷர்களும் செங்கல்லும் ஒன்றுதான் என்று அன்று பதிலுக்கு நான் சொன்னதை இன்னும் திரும்ப வாங்கவில்லை.

எர்சிலியா


மோந்தெசூர்தோ
14 அக்டோபர் 1958

தங்கச்சி,

உட்கார்ந்து படி.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்கு நாள் திரிந்தேன். இங்கே மண் சுமக்கும் பெண்களில் கார்மொசீனா என்று ஒருத்தி. ஐம்பது வயதிருக்கும். குலுக்கலில் ஏழாம் எண் வீடு அவளுக்கு விழுந்திருக்கிறது. ஐந்தாம் நாள் அவளிடம் போகிற போக்கில் கேட்டேன்.

"இந்த இடத்துக்கு என்னம்மா பேரு?"

"போர்டுல எழுதி வச்சிருக்கீங்களே, காஸாத்தான்னு."

"போர்டு கெடக்கட்டும். நீங்க என்னன்னு சொல்லுவீங்க?"

கூடையை இறக்கி வைத்தாள். "ஸ்காஸாத்தா. எங்க மாமியார் இங்க ஆடு மேய்க்கக்கூட விடமாட்டா. மண்ணு தூங்குது, எழுப்பாதடீம்பா."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா இஞ்சினியர் ஐயா? வந்தீங்க, கம்பு நட்டீங்க, ஒத்தக் கண்ண மூடிக்கிட்டுக் கண்ணாடி வழியா பாத்தீங்க. படிச்சவரு பாத்தா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டோம்." பிறகு குரலை இறக்கினாள். "குழாயில தண்ணி வரும்னீங்க. சன்னல் வச்ச வீடுன்னீங்க. முப்பது வருஷமா கழுதை மூத்திர வாடையில படுத்தவளுக்கு வேணாம்னு சொல்ல வாய் வருமா, நீங்களே சொல்லுங்க."

மறுநாள் பெரிய துளைக்கருவியை வரவழைத்தேன். ஒன்பது மீட்டர் வரை என்னுடைய அதே கெட்டிக் களிமண். பத்தாவது மீட்டரில் நிறம் மாறியது. தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கியது. பதினொன்றரையில் குழாயை வெளியே எடுத்துத் தட்டினோம். மண்ணோடு ஒரு கூரை ஓட்டுத் துண்டு விழுந்தது. அதோடு கொஞ்சம் அடுப்புக் கரி.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், எர்சிலியா. சுற்றி வேலையாட்கள் நிற்கிறார்கள், எனக்கு எழுந்திருக்க வரவில்லை. யாரோ ஒரு பெண் அடுப்பு மூட்டிய இடம் அது. அதற்கு மேல் பதினொன்றரை மீட்டர் மண். அதற்கு மேல் நான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன்.

களிமண் கெட்டி என்று எழுதினேன். கெட்டிதான், பொய் இல்லை. ஆனால் அது மொத்தமும் ஒருமுறை நடந்து வந்து நின்ற மண். ஆறு மீட்டரில் நிறுத்தியவனுக்கு அது தெரிய வழியில்லை. ஓடைக்கு அந்தப்புறமும் துளை போட்டேன். மூன்று மீட்டரில் பாறை தட்டியது. அங்கே எதுவும் விழவில்லை. உன் இரண்டு தப்படியில் பெரியதுதான் சரி.

வேலையை நிறுத்திவிட்டேன். தலைமைப் பொறியாளர் தொலைபேசியில், "கூரை போடற நேரத்துல உனக்கு மூளையில காய்ச்சலா?" என்றார். நவம்பர் நான்காம் தேதி விசாரணைக் குழு. ஓட்டுத் துண்டை மட்டும் காட்டினால் பழைய கிணறாக இருக்கும் என்பார்கள். ஏட்டை மட்டும் காட்டினால் சிரிப்பார்கள். ஏட்டின் நகல் வேண்டும், மொழிபெயர்ப்போடு, ஆயர் இல்ல முத்திரையோடு. கேட்க எனக்கு முகமில்லை. கேட்கிறேன்.

கானியோ


பொத்தென்ஸா
20 அக்டோபர் 1958

அண்ணா,

நகல் இத்தோடு இருக்கிறது. முத்திரை போட மாட்டேன் என்றார் ஆயரின் செயலாளர். அவர் அறை வாசலில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் போட்டுவிட்டார்.

மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைக்கூட உனக்குச் சாதகமாகத் திருப்பவில்லை. தப்படிக்கு இரண்டு அளவு உண்டு என்பதையும் அடியில் எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்கும் முன்னால் நீயே சொல். நாம் ஒன்றை மறைத்தோம் என்று ஆகிவிட்டால் மற்றதும் பொய்யாகிவிடும். அந்த இடத்தில் உன் பாறையைப் பேசவிடு.

நீ தரையில் உட்கார்ந்ததைப் படித்தபோது செங்கல் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அன்றே அதை மனசறிந்துதான் பொய்யாகச் சொன்னேன்.

எனக்கும் பயமாக இருக்கிறது. நாம் சொல்வது தப்பாகப் போனால் நாற்பத்திரண்டு குடும்பத்தின் சன்னலை அடைத்தவர்கள் ஆவோம்.

எர்சிலியா


மோந்தெசூர்தோ
9 நவம்பர் 1958

எர்சிலியா,

உன் நகலைக் கையில் எடுத்ததும் ஒருவர், "இது பொறியியல் அறிக்கையா, பூசைப் புத்தகமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓட்டுத் துண்டை மேஜைமேல் வைத்தேன். நான் நினைத்த மாதிரியே கிணறு என்றார்கள். அப்போது வயதான ஒரு மண்ணியலாளர், அதுவரை அரைத் தூக்கத்தில் இருந்தவர், உன் நகலை வாங்கி, உதடு அசையப் பதினொரு அடுப்பையும் படித்தார். பிறகு என் துளைக் கணக்கைப் படித்தார். "கிணத்துக்குள்ள யாரும் அடுப்பு மூட்ட மாட்டாங்க," என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனாலும் தீர்ப்பு அரைகுறைதான். வசந்தம் வரை வேலை நிறுத்தம், பிறகு மறுபரிசீலனை. என்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். கோப்பு அடுக்கும் வேலை.

ஊரில் என்மேல் அழுகின முட்டைக்கோஸ் வீசினார்கள். முட்டைக்கோஸ் வலிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது கார்மொசீனா எதிரே வந்தாள். "எங்க மாமியார் பேச்ச உங்ககிட்ட சொன்ன என் நாக்க அறுக்கணும்," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு விஷயம் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மழை வந்தால் நல்லது என்று சில நேரம் தோன்றுகிறது. உடனே என்மேலேயே அருவருப்பு வருகிறது. மலை விழாமல் நின்றால் நான் முட்டாள். நிற்கட்டும், முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஜெபிக்கப் பார்க்கிறேன். முழு மனதோடு முடியவில்லை.

சரிவில் இருபது முளை அடித்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்துப் போய், முளைகள் நகர்ந்திருக்கின்றனவா என்று அளப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போகிறேன்.

கானியோ


பொத்தென்ஸா
21 பிப்ரவரி 1959

அண்ணா, வானொலியில் மோந்தெசூர்தோ என்று மட்டும் காதில் விழுந்தது, பிறகு இரைச்சல். தொலைபேசிக் கம்பி அறுந்திருக்கிறதாம். உன் அலுவலகத்தில் நீ ஐந்து நாளாக வரவில்லை என்கிறார்கள். பஸ் பாதி வழிதான் போகிறதாம். இந்தத் தாளை லாரிக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பின்பக்கம் "இருக்கிறேன்" என்று ஒரு சொல் எழுதி அவரிடமே கொடு. கெஞ்சுகிறேன்.

எர்சிலியா


மோந்தெசூர்தோ
24 பிப்ரவரி 1959

எர்சிலியா,

அந்த ஒரு சொல் லாரிக்காரரிடம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். இப்போது மிச்சம்.

எல்லாரும் இருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. வேலை இடத்துக் காவல்காரனின் நாய்கூட இருக்கிறது.

ஜனவரி முழுக்க முளைகள் அசையவில்லை. பிப்ரவரி முதல் ஞாயிறு, இரண்டு சென்டிமீட்டர். அடுத்த ஞாயிறு ஏழு. பதினைந்தாம் தேதி போனபோது மேல்பக்கம் புல்லில் ஒரு வெடிப்பு, கை நுழையும் அளவு. நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஊர்த்தலைவரிடம் போய், கீழ்ச் சாலையை மூடுங்கள், காவல்காரன் குடும்பத்தை மேலே கூட்டிக்கொள்ளுங்கள் என்றேன். தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வரட்டும் என்றார். வெளியே வந்து மழையில் நின்றேன். கார்மொசீனா நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு அசஞ்சிருக்கு?" என்றாள்.

"இருபது சென்டிமீட்டர்."

"அப்ப எழுந்திருச்சிருச்சு," என்றாள். அவ்வளவுதான். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு கீழ்ச் சாலைக்குப் போய் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரன் ஒருவன், "சாலை என்ன உங்கப்பன் வீட்டுதா?" என்று கத்தினான். "என் வீடு போகப்போகுது. உன் கழுதையாவது மிஞ்சட்டும்னு உக்காந்திருக்கேன். திருப்பு வண்டிய," என்றாள். அடுத்த நாள் அவளோடு எட்டுப் பெண்கள். முட்டைக்கோஸ் வீசியவர்களும் அதில் உண்டு.

இருபதாம் தேதி காலை ஒன்பதரைக்குப் போயிற்று. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. பாரவண்டி ஒன்று பாலத்தில் ஏறுகிற மாதிரி ஒரு உறுமல். நாற்பத்திரண்டு வீட்டுச் சுவரும் நின்றபடியே நகர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாக மண்டியிட்டன. கீழ்ச் சாலை இப்போது இல்லை. நாங்கள் மேலே பாறையில் நின்று பார்த்தோம். பிறகு ஒரு பெண் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினாள். எல்லாரும் எண்ணினார்கள். இரண்டு முறை எண்ணினார்கள். குறையவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு வந்தது பார், எர்சிலியா, சாவு வீட்டில் வருமே அடக்க முடியாத சிரிப்பு, அது. ஊர்த்தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார். யாரோ ரொட்டியும் மிளகாய் வதக்கலும் கொடுத்தார்கள். ஐந்து நாளில் அன்றைக்குத்தான் சாப்பாடு ருசித்தது.

நவம்பரில் அவர்கள் குடிபோயிருப்பார்கள். அவரவர் வீட்டுக்குள் இருந்திருப்பார்கள். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அப்பா அடக்கத்தன்று சொன்னதற்கு: நான் சொன்னது தப்பு. நீ பொறியியல் படிப்பை விட்டுவிட்டுப் போனாய் என்று கோபம் இல்லை, என்னை விட்டுவிட்டுப் போனாய் என்று கோபம். நேப்பிள்ஸில் அந்த மேஜையில் பிறகு நான் தனியாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ எதையும் விட்டுவிடவில்லை. பதினொரு வீட்டை மூடிய மண் எத்தனை ஆழம் என்று என்னிடம் கேட்டது லத்தீன் டீச்சர் இல்லை. மண் சுமக்கும் பெண்ணிடம் போய் இந்த இடத்துக்கு என்ன பேர் என்று நான் கேட்டதும் என் கல்லூரி சொல்லிக்கொடுத்ததில்லை.

மேட்டுப்பாறைப் பக்கம் புது இடம் பார்க்கச் சொல்கிறார்கள். இந்தமுறை இருபது மீட்டர் துளைப்பேன். முந்நூறு வருஷத்து ஏட்டை நீ துளை.

அண்ணன்


பொத்தென்ஸா
8 ஜூன் 1959

அண்ணா,

நேற்று முழுக்க உன்னோடு இருந்துவிட்டு இன்று கடிதம் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் கூட்டத்தில் சொல்ல முடியாமல் போனதைச் சொல்கிறேன்.

புது இடத்தில் கல் நாட்டுமுன் செத்தவர்களின் பெயரை வாசிக்கணும் என்று கார்மொசீனா கேட்டபோது நான் தயங்கினேன். நல்ல காரியத்தில் சாவுப் பட்டியலா என்று. அவள், "அவங்கதானே எங்களைக் காப்பாத்தினது. கூப்பிட்டுச் சொல்ல வேணாமா?" என்றாள். அதனால்தான் வாசித்தேன்.

முதல் அடுப்பை வாசித்ததும் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "இருக்கோம்!" என்றதே, உனக்குப் புல்லரித்ததா? யாரும் சொல்லிவைக்கவில்லை. அது அவன் குடும்பப் பெயர், அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்கு ஒரு பெண், "இருக்கோம்." மூன்றாவதற்கு ஐந்து பேர். நான் தொழிலுக்காக எத்தனையோ பெயர்களை வாசித்திருக்கிறேன். பெயர்கள் பதில் சொன்னது இதுதான் முதல்முறை. ஒன்பதாவது அடுப்புக்கு யாரும் குரல் கொடுக்கவில்லை. அந்தக் குடி அற்றுப்போயிருக்க வேண்டும். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போது நீ, என் அண்ணன், ஜெபத்தில்கூட வாய் திறக்காதவன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கோம்," என்றாய்.

அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிறகு உன் பஸ் உன் பக்கம் போயிற்று, என் பஸ் என் பக்கம். சன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த ஊரின் இறப்பு ஏட்டைப் பற்றி யோசிக்கலாம் என்று நினைத்தேன். எப்போது கண் அசந்தேன் என்று தெரியவில்லை. செப்டம்பரிலிருந்து நான் அப்படித் தூங்கியதில்லை. பொத்தென்ஸாவும் போய், என் தெருவும் போய், பஸ் கொட்டகைக்கே வந்துவிட்டது. ஓட்டுநர் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"டீச்சரம்மா, இதுக்கு மேல பஸ் போகாது."

"பரவாயில்ல," என்றேன். இறங்கி, அத்தனை தூரமும் சாயங்கால வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

எர்சிலியா